கோழி வளர்ப்பு, ஒரே பிரதி

திண்டிவனம்
10.6.2013

அன்புள்ள மாமாவுக்கு,

பாண்டுரங்கன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் சர்க்கரையும் கிளை நூலகத்துக் கரையான்களும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலியும் பவானி அக்காவின் குரலும் எப்படி இருக்கின்றன? போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் நான் கூப்பிட்டால் அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். மேலிடத்தை நான் திட்டுவது உங்கள் தெரு முழுக்க ஒலிபரப்பாகிறது. அதனால் வழக்கம்போல் திங்கட்கிழமை புத்தகப் பெட்டிக்குள் இந்தக் கடிதம். பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவரும் கண்டக்டர் வாழ்க.

விஷயம் இதுதான். நம் தெய்வநாயகம் நினைவுப் பொது நூலகத்துக்கு ஒரு புண்ணியவான் இன்டர்நெட் டாங்கிள் ஒன்றை நன்கொடையாகக் கொடுத்து, வருடக் கட்டணத்தையும் கட்டி, திண்டிவனம் கிளைக்கே அதைத் தரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார் அல்லவா? வந்து சேர்ந்தது. கட்டைவிரல் அளவு. அதைச் செருகவேண்டிய கம்ப்யூட்டர் சென்ற மழைக்கே உயிரை விட்டது. அது இப்போது என் மதியச் சாப்பாட்டு மேசை. ஆனால் ஊரில் வீட்டுக்கு வீடு அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப் இருக்கிறது. அவர்களிடம் லேப்டாப் உண்டு, நெட் இல்லை. என்னிடம் நெட் உண்டு, லேப்டாப் இல்லை. ஒருநாள் இரவல் கொடுத்தால் என்ன?

மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து அஞ்சம்மாள் என்று ஒருவர் தினமும் மீன் கூடையோடு இங்கே வருகிறார். கூடை காலியானதும் பஸ் வரும்வரை நம் வாசற்படியில் உட்காருவார். மகள் இசைவாணிக்குப் புத்தகம் எடுத்துப் போவார். கணவர் முத்துசாமி பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை. இழுவை இயந்திரத்தின் கயிற்றில் கை மாட்டிக்கொண்டதாகக் கூட இருப்பவன் சொன்னானாம். போனில் கேட்டால் கீறல்தான் என்கிறாராம்.

"அந்தாளு ஜன்னி கண்டாலும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்வாரு சார். கைய என் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

முத்துசாமி கரைக்கு வருவது வெள்ளிக்கிழமை ராத்திரி. அதற்குள் இங்கே பிரவுசிங் சென்டரும் மூடிவிடும், அஞ்சம்மாளின் கடைசி பஸ்ஸும் போய்விடும். டாங்கிளை வீட்டுக்குக் கொடுத்தால்தான் உண்டு. தலைமையகக் கண்காணிப்பாளர் நாற்காலியில் நீங்கள் இருக்கும்போது எனக்கென்ன குறை! ஒரு வரி அனுமதி போதும்.

அக்காவுக்கு என் அன்பு. பதிலை எதிர்பார்த்துப் பெட்டியைத் திறக்கும்
மச்சான் பாண்டு

---

விழுப்புரம்
24.6.2013

அன்புள்ள மச்சானுக்கு,

சீனுவாசன் ஆசீர்வதித்து எழுதுவது. கால் வலி இருக்கிறது. உன் அக்காவின் குரலுக்கு எந்தக் குறையும் இல்லை. நீ மாத்திரையை ஒழுங்காகப் போடவும்.

செயலாளர் இருதயராஜ் ஐயாவிடம் உன் கோரிக்கையை வைத்தேன். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு இரவல் கொடுக்கத்தக்கது நூல் மட்டுமே" என்று படித்துக் காட்டினார். நாற்காலி, மின்விசிறி, குடிநீர்ப் பானை போலவே டாங்கிளும் நூல் அல்ல. கட்டடத்துக்குள்ளேயே இருக்கட்டும். விதி விதிதான், மச்சானுக்காக வளைக்க முடியாது.

டெக்ஸஸில் ஷாலினியும் பேரனும் நலம். மாதா மாதம் போட்டோ அனுப்புகிறாள். வீடியோவில் வாங்கப்பா என்று நச்சரித்து, மாப்பிள்ளை மூலம் ஒரு லேப்டாப்பும் கொடுத்து அனுப்பினாள். பவானி அதற்குப் பூ வேலை செய்த உறை தைத்துப் போட்டிருக்கிறாள். பெட்டிக்குள் தலையைப் பார்த்துப் பேசுவதெல்லாம் எனக்கு ஒத்துவராது. நம் காலத்தில் யாரும் யாரையும் பார்க்காமல்தான் இருந்தோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளும்
சீனுவாசன்

---

திண்டிவனம்
15.7.2013

அன்புள்ள மாமாவுக்கு,

விதிக்குத் தலைவணங்கும் பாண்டு எழுதுவது. மாத்திரை போட்டுவிட்டேன். அக்கா அனுப்பிய முறுக்கையும் போட்டுவிட்டேன். ஒன்றுக்கொன்று சரியாகப் போயிற்று.

நூல் மட்டுமே என்றீர்கள். சரி, நூலாக்கிவிட்டேன்.

"கோழி வளர்ப்பு" என்று ஒரு கெட்டி அட்டைப் புத்தகம் நம்மிடம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மனிதர் யாரும் அதை எடுத்ததில்லை, கரையான் மட்டும் எடுத்தது. அட்டையை விட்டுவிட்டு உள்ளே நடுவில் அழகாக ஒரு பள்ளம் தோண்டி வைத்திருந்தது. டாங்கிள் அதில் தொட்டில் குழந்தை மாதிரி படுத்துக்கொள்கிறது. தேதிச் சீட்டு ஒட்டி, முத்திரை குத்தி, வாசகர் அட்டை வாங்கிக்கொண்டு முறைப்படி இரவல் கொடுக்கிறேன். விதியில் ஒரு கமாவைக்கூட நான் மீறவில்லை.

கிளியனூர் வெற்றிச்செல்வன் அதில் தேர்வு நுழைவுச்சீட்டு எடுத்தான். ஒரு விவசாயி உங்கள் ஊரில் மல்லாட்டைக் கடலை என்ன விலை போகிறது என்று பார்த்துவிட்டு, குறைத்துக் கேட்ட உள்ளூர் மண்டியில் மூட்டையை வண்டியிலிருந்து இறக்காமலே திருப்பிக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை மட்டும் அஞ்சம்மாளுக்கு. குப்பத்தில் சிக்னல் மண்ணில் கிடைப்பதில்லை. இசைவாணியின் இலவச லேப்டாப்பிலிருந்து நீள ஒயரில் டாங்கிளை மாட்டி, எவர்சில்வர் சொம்புக்குள் போட்டு, கூரை மேல் வைத்தால் வருகிறதாம். முதல் வெள்ளி முத்துசாமியின் முகம் தெரிந்தது. "கையக் காட்டு" என்றிருக்கிறார். மனிதர் சட்டைப் பையிலிருந்து கையை எடுக்காமல் அங்கே வெயிலைப் பற்றிப் பேசினாராம். அடுத்த வெள்ளி விளக்கை அணைத்துவிட்டுப் பேசினாராம். அதற்கடுத்த வெள்ளி, கையை எடுக்கப்போன நேரம் சொம்பைக் காக்கா தட்டிவிட்டது.

"வர்ற வெள்ளி விடமாட்டேன் சார்" என்கிறார் அஞ்சம்மாள்.

பேரனுக்கு முத்தம். போட்டோவுக்குத்தான் தரமுடியும் என்றாலும்.

பாண்டு

---

விழுப்புரம்
5.8.2013

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இந்தக் கடிதத்தைப் படிக்கும்வரை.

உன் சென்ற கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மூக்குக்கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருந்ததால் முறுக்கு வரைக்கும்தான் படிக்க முடிந்தது. அதற்குமேல் எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டால் இதையே சொல்வேன்.

உன் கிளையின் மாத அறிக்கை வந்தது. "அதிகம் படிக்கப்பட்ட நூல்: கோழி வளர்ப்பு." செயலாளர் அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். "சீனுவாசன், நாவலும் ஜோசியமும் படித்துக் கெட்டுப்போகும் காலத்தில் இப்படி ஒரு ஊரா!" என்றார். உடனே கோழி வளர்ப்புப் புத்தகங்களாக ஒரு கட்டு வாங்கச் சொல்லி, அதே பெட்டியில் அனுப்பியிருக்கிறார். ஞாயிறு 25-ஆம் தேதி உன் கிளையில் கோழி வளர்ப்பு முகாம். கால்நடை மருத்துவர் வருகிறார். செயலாளரே தலைமை. உன்னைத் தடுக்க நான் எவ்வளவோ முயன்றேன் என்று எழுத ஆசை. எதைத் தடுப்பது என்று எனக்குத்தான் தெரியாதே!

பவானி விசாரிக்கச் சொன்னாள்.

சீனுவாசன்

---

திண்டிவனம்
26.8.2013

அன்புள்ள மாமாவுக்கு,

சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. அக்காவிடம் சொல்லவேண்டாம், முறுக்கு அனுப்பிவிடுவாள்.

முகாம் நடந்தது. வந்தவர் எல்லாரும் நம் கோழி வாசகர்கள். ஒருவர் வீட்டிலும் கோழி இல்லை. மருத்துவர் வெள்ளைக்கழிச்சல் நோயைப் பற்றி உருகி உருகிப் பேசினார். வெற்றிச்செல்வன் குறிப்பெடுப்பது போல் நடித்தான், பாவம். நான் சோடா வாங்கும் சாக்கில் இரண்டுமுறை வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். மூன்றாம் முறை போயிருக்கக் கூடாது.

அந்த நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமை எடுத்ததைத் திருப்பித்தர அஞ்சம்மாள் கூடையோடு உள்ளே வந்திருக்கிறார். கையில் புத்தகத்தைப் பார்த்ததும் செயலாளருக்குப் பரவசம்.

"அம்மா, நீங்க எத்தனை கோழி வளக்கறீங்க?"

"கோழியா? நமக்கு இன்னாங்க கோழி? நமக்கு வலைதான்."

"பின்னே இதை எதுக்கு எடுக்கறீங்க?"

"இதுலதான் எங்க ஊட்டுக்காரரு கீறாரு."

செயலாளர் புத்தகத்தை வாங்கித் திறந்தார். டாங்கிள் அவர் மடியில் விழுந்தது. சும்மா விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நெத்திலி வாடையோடு விழுந்தது. விரலை முகர்ந்தார். கைக்குட்டையால் துடைத்தார். பிறகு கைக்குட்டையையும் எறிந்தார். "பொதுச் சொத்தை மீன் கூடைக்குள் போட்டிருக்கிறார்கள்" என்றார். விதியை மீறியதற்காக அவருக்கு வந்த கோபம் பாதி. மீதிப் பாதி எதற்கு என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. அஞ்சம்மாளுக்கும் தெரிந்தது. கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

டாங்கிளைப் புத்தகத்தோடு "ஆய்வுக்காக" எடுத்துப் போய்விட்டார்கள். எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை. அதற்கு நான் எதையாவது எழுதிக்கொள்கிறேன், என் ஓய்வூதியமா போய்விடப்போகிறது, போனால் கோழி வளர்க்கிறேன். என் கவலை அதுவல்ல. அந்த அம்மாள் இன்னும் கையைப் பார்க்கவில்லை. போன வெள்ளி, போர்வை போர்த்திக்கொண்டு வந்து நின்றாராம் அந்த மனிதர்.

டாங்கிளை உங்கள் பொறுப்பில்தான் ஒப்படைத்திருப்பதாகக் குறிப்பாணையில் இருக்கிறது. எப்படியாவது மீட்டு அனுப்புங்கள் மாமா.

பாண்டு

---

திண்டிவனம்
23.9.2013

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் கேட்டு மூன்று பெட்டி அனுப்பினேன். மூன்றும் கோழிப் புத்தகத்தோடு மட்டும் திரும்பி வந்தன. உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? அக்காவுக்குப் போன் போட்டேன். "மாமாவா? ராத்திரியெல்லாம் ஹாலில் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் வேலை" என்றாள். உங்களுக்கு ஆபீஸ் வேலை இருப்பதே எனக்குப் புதுச் செய்தி.

இங்கே அஞ்சம்மாள் தினமும் வருகிறார். உள்ளே வருவதில்லை. படிக்குக் கீழேயே நின்று, "வந்துச்சா சார்?" என்கிறார். இல்லை என்று தலையாட்டிப் பழகி, இப்போது யார் எதைக் கேட்டாலும் என் தலை தானாகவே ஆடுகிறது. நேற்று என் மனைவி காபி வேண்டுமா என்று கேட்டாள். காபியும் போயிற்று.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

பாண்டு

---

விழுப்புரம்
7.10.2013

அன்புள்ள மச்சானுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத நேரமில்லை. கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. அவசரப்படுத்தினால் நின்றுவிடும். கருவி பத்திரமாக இருக்கிறது. சிக்னல் வலிமை முதலியவற்றை அவ்வப்போது சோதித்து வருகிறோம்.

வேறு விசேஷம்: பேரனுக்குக் கீழே பல் முளைத்துவிட்டது. நான் பாட ஆரம்பித்தால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்கிறான், அவன் பாட்டியைக் கொண்டு பிறந்திருக்கிறான். ஷாலினிதான் இளைத்துவிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. மாப்பிள்ளை பாதி நாள் வெளியூர் வேலையில் இருக்க, குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக அல்லாடுகிறாள். கேட்டால் ஒண்ணுமில்லப்பா என்கிறாள். போட்டோவில் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பாள், ஒன்றுமே தெரியாது.

புரட்டாசி மாதம், வீட்டில் முட்டைகூடக் கிடையாது. ஆனாலும் ஹாலில் நெத்திலி வாடை அடிப்பதாகப் பவானி ஒரு வாரமாக மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எலி செத்திருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீயும் கண்டுகொள்ளாதே.

சீனுவாசன்

---

திண்டிவனம்
21.10.2013

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது. பேரனுக்குப் பல் வந்ததில் மகிழ்ச்சி. ஷாலினியை நினைத்தால் எனக்கும் கவலையாக இருக்கிறது. அக்காவிடம் எலியைத் தேடவேண்டாம் என்று சொல்லவும்.

அஞ்சம்மாள் நேற்று, "யாராண்ட கீது சார் அது?" என்று கேட்டார்.

"ஆபீஸ்ல கீதும்மா" என்றேன்.

"ஆபீஸ்ல யாரு?"

வழக்கம்போல் என் தலை ஆடியது. அவர் பஸ் வரும் திசையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அவங்களுக்கும் யாராச்சும் தூரத்துல கீறாங்களா?"

இருக்கலாம் என்றேன். "அப்ப பாத்துட்டுக் குடுக்கட்டும்" என்று கூடையை எடுத்துக்கொண்டார். நாலடி போய்த் திரும்பி வந்து, "ரொம்ப நாளு வச்சிக்கினு இருந்தா பேஜாரு சார், சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டேன். இத்துடன் நம் நூலகத்தின் வழக்கமான நினைவூட்டல் அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

"திரு ............ அவர்களுக்கு. தாங்கள் எடுத்துச் சென்ற 'கோழி வளர்ப்பு' என்னும் நூலின் கெடு முடிந்துவிட்டது. பிற வாசகர்கள் காத்திருப்பதால் உடனே திருப்பித் தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

பாண்டு

---

விழுப்புரம்
4.11.2013

அன்புள்ள மச்சானுக்கு,

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. பவானி உனக்கு அதிரசம் வைத்திருக்கிறாள். சர்க்கரையை நினைத்துக்கொண்டு தின்னவும்.

கோப்பு முடிந்தது. செயலாளர் முன் போய் நின்று, "இந்தக் கருவி தலைமையகத்தில் இருந்த காலத்தில் பொதுமக்கள் யாருக்கும் பயன்படவில்லை" என்று குறிப்பு வைத்தேன். பொதுமக்கள் அல்லாத யாருக்காவது பயன்பட்டதா என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. என் சட்டைப் பக்கம் மட்டும் ஒருமுறை மூக்கைத் திருப்பினார். நன்கொடையாளர் வேறு நேரில் வந்து, என் டாங்கிள் எங்கே என்று சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே இரவல் கொடுக்க அனுமதி. வாசகர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தொடவேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுதினார். எல்லா வாசகர்களும் என்று ஒரு சொல்லை நான் சேர்த்தேன். முதலில் நானே கழுவிவிட்டுத்தான் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

உறுப்பினர் விண்ணப்பம் ஒன்று இணைத்துள்ளேன். விழுப்புரம்காரன் திண்டிவனம் கிளையில் சேரக்கூடாது என்று விதியில் இல்லை, பார்த்துவிட்டேன். ஏற்கனவே உறுப்பினராக உள்ள ஒருவர் பரிந்துரைக் கையெழுத்துப் போடவேண்டும். அந்த அம்மாள் போடுவார்களா என்று கேள். போடமாட்டேன் என்றால் வற்புறுத்தாதே.

சீனுவாசன்

---

திண்டிவனம்
11.11.2013

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் என்றே எழுதுகிறேன். அதிரசம் வந்தது, போனது.

வெள்ளிக்கிழமை சொம்பைக் கூரையில் கட்டிப்போட்டுவிட்டார்களாம். சனிக்கிழமை காலையில் அஞ்சம்மாள் வந்தார். இந்த முறை படியேறி உள்ளே வந்து, வாசகர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"'எடுய்யா கைய வெளிய, இல்லன்னா இதுதான் கடைசிப் பேச்சு'ன்னு சொன்னேன் சார். எடுத்தாரு. ரெண்டு விரலு இல்ல. மீதி மூணும் மடங்க மாட்டேங்குது. அந்தக் கையோட இத்தினி மாசமா வலை இழுத்துக்கினு கீறாரு, பாவி. அப்பவே காட்டியிருந்தா, ஆடியிலயே வான்னு சொல்லியிருப்பேன்."

அழவில்லை. என்னைப் பார்த்துச் சொல்லவும் இல்லை, நம் செத்த கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். அந்த மாதங்களில் கடைசிப் பகுதி யாருடைய கணக்கில் வரும் என்று நான் உங்களுக்கு எழுதவேண்டியதில்லை. முன்பகுதி அந்த மனிதருடையது. ஒரு வெள்ளி காக்காயுடையது. கோழிச் சிரிப்பு சிரிக்க வெளியே போன என் பங்கும் உண்டு.

உங்கள் விண்ணப்பத்தை நீட்டினேன். "யாரு சார் இது?" என்றார். ஆபீஸ்காரர் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, "தூரத்துல கீறது யாரு?" என்றார். பெண் என்றேன், கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள் என்றேன், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள் என்றேன். பேனாவை எடுத்து, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணுமில்லன்னா நம்பாதீங்கன்னு சொல்லுங்க அவுருகிட்ட."

உங்கள் முறை புதன்கிழமை. பஸ் ஏறி நேரில் வந்துதான் வாங்கவேண்டும். மாமா என்பதற்காக விதியை வளைக்க முடியாது. அக்காவையும் அழைத்து வரவும், எலியை அவளிடம் நேரில் காட்டிவிடலாம். வாசலில் சோப்பு வைத்திருக்கிறேன்.

முத்துசாமி தையில் ஊருக்கு வருகிறார். இனி வலை இழுக்க முடியாது. அதைச் சொல்லிவிட்டு எழுந்த அஞ்சம்மாள், செயலாளர் அனுப்பிய கட்டு பிரிக்காமல் கிடந்த மூலைக்குப் போனார்.

"சார், இந்தக் கோழிப் புஸ்தகத்துல ஒண்ணு குடுங்க" என்றார். "உள்ள பக்கமெல்லாம் இருக்கறதா பாத்துக் குடுங்க."

பாண்டு